சிவாஜி நகர் மாதா கோவில்: பிறந்த கதை

பெங்களூரில் நான்கு நாள் தங்கிய தமிழருக்கும் சிவாஜி நகர் மாதா கோவிலைத் தெரிந்திருக்கும். ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பூவோ காய்கறியோ மீனோ வாங்கப் போகிறவர்கள் அந்தக் கூர்ங்கோபுரத்தை நிமிர்ந்து பார்க்காமல் திரும்புவதில்லை. ஆனால் அதை யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்று கேட்டால், "வெள்ளைக்காரன் கட்டினது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நம் சங்கத்து அன்பர்கள் பலரிடம் இந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன். இது பாதி உண்மை. இன்று நிற்கும் கட்டடத்தை முன்னின்று கட்டிய பாதிரியார் பிரெஞ்சுக்காரர்தான். ஆனால் அந்த மண்ணில் தங்களுக்கு ஒரு கோவில் வேண்டும் என்று முதலில் விரும்பியவர்கள் நம்மைப் போலவே பிழைக்க வந்த தமிழர்கள். அந்த மறுபாதியை நம் குடும்பங்களுக்கு, குறிப்பாக இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கிறிஸ்தவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் பாலமும் பாதையும் பார்த்துக் காலம் கழித்தவன். எனவே வேத விளக்கங்களைக் குருமார்களுக்கு விட்டுவிட்டு, எனக்குப் பிடிபடுகிற மனிதர்களையும் கட்டடத்தையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

செஞ்சியிலிருந்து தொடங்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் செஞ்சிப் பக்கத்திலிருந்து சில தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் புறப்பட்டு வந்து இந்த இடத்தில் குடியேறி விவசாயம் செய்தன என்பது கோவில் வழக்கில் வழிவழியாக வரும் செய்தி. அந்த நூற்றாண்டின் செஞ்சி நிம்மதியான ஊர் அல்ல. 1649இல் பீஜப்பூர் சுல்தான் படை நாயக்கர்களிடமிருந்து கோட்டையைப் பிடித்தது. 1677இல் சத்ரபதி சிவாஜி பிடித்தார். 1690இல் மொகலாயப் படை வந்து முற்றுகையிட்டு, எட்டு ஆண்டுகள் காத்திருந்து 1698இல் பிடித்தது. கோட்டைக்குள் யார் கொடி பறந்தாலும் சுற்றுவட்டாரத்து உழவன் பாடு திண்டாட்டம்தான். அப்படிப்பட்ட செஞ்சியை விட்டு வந்தவர்கள் குடியேறிய இடத்துக்குப் பிற்காலத்தில் சிவாஜியின் பெயரே அமைந்தது ஒரு வேடிக்கை.

வந்தவர்கள் விளைவித்தது வெள்ளை நெல் என்றும், அதனால் அந்த இடத்துக்கு 'பிளி அக்கி பள்ளி' என்று பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். கன்னடத்தில் 'பிளி' என்றால் வெள்ளை, 'அக்கி' என்றால் அரிசி. இல்லை, அது 'பிளி ஹக்கி', அதாவது வெள்ளைப் பறவை, அங்கே கொக்குக் கூட்டம் நிறைய இருந்தது என்பாரும் உண்டு. இந்த வெள்ளை அரிசிதான் ஆங்கிலேயர் வாயில் புகுந்து 'பிளாக்பள்ளி' என்று கறுத்துப்போனது! வேறொரு கருத்தும் இருக்கிறது. கண்டோன்மென்ட்டுக்குத் திட்டம் வரைந்தவர் சென்னை இன்ஜினீயர் படையைச் சேர்ந்த ஜான் பிளாக்கிஸ்டன். அவர் பெயரே பிளாக்பள்ளி ஆயிற்று என்பது அந்தக் கருத்து. ஓர் இன்ஜினீயரின் பெயர் ஊருக்கு நிலைத்தது என்பது எனக்குப் பிடித்தமான செய்திதான். இருந்தாலும் அரிசிக் கதைக்கே என் ஓட்டு. வயிற்றுக்காக வந்தவர்கள் குடியிருந்த இடத்துக்கு அரிசியின் பெயர்தான் பொருந்துகிறது.

அவர்களுக்கு முதலில் கோவில் என்று கட்டிக் கொடுத்தவர் ஆபே துபுவா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1792இல், தாய்நாட்டை விட்டுப் புதுச்சேரிக்கு வந்தவர். தமிழ் கற்றார். நம்மவர் போல உடுத்தினார், புலாலை விலக்கினார், தலைப்பாகை கட்டினார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மறைந்தபின், மைசூர் நாட்டில் சிதறிக் கிடந்த கத்தோலிக்கர்களைத் திரும்பச் சேர்க்கும் பொறுப்பு இவரிடம் வந்தது. ஜனங்கள் இவரை 'தொட்ட சுவாமி', அதாவது பெரிய சாமி, என்று அழைத்தார்கள். இவருடைய சேவையில் நான் முதலிடம் தருவது அம்மை குத்தியதற்கு. பெரியம்மைக்குத் தடுப்பூசி என்பது ஐரோப்பாவிலேயே புதிதாக இருந்த காலம். எட்வர்டு ஜென்னர் 1796இல்தான் அதைக் கண்டுபிடித்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள், 1803-04இல், துபுவா மைசூர்ச் சீமையில் சுமார் 25,000 பேருக்கு அம்மை குத்த ஏற்பாடு செய்தார். ரயில் கிடையாது, நல்ல சாலையும் கிடையாது. அந்த நாளில் இதை எப்படிச் செய்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி இவர் எழுதிய பெரிய நூல் உலகப் புகழ் பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியாரே விலை கொடுத்து வாங்கி, ஆங்கிலத்தில் வெளிவரச் செய்தார்கள். அதில் நம்மைப் பற்றிக் கடுமையான சொற்கள் நிறைய உண்டு. சில இடங்களில் நியாயமில்லாத சொற்களும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைப் பிரெஞ்சில் பெயர்த்து 1826இல் பாரிஸில் அச்சேற்றியவரும் இவரே என்பதைத் தமிழர்களாகிய நாம் நினைவில் வைக்க வேண்டும். 1823இல் தாய்நாடு திரும்பியவர் 1848இல் பாரிஸில் காலமானார்.

இந்தத் துபுவா 1818இல் பிளாக்பள்ளியில் ஒரு சிறு கோவிலை அமைத்தார். கூரை வேய்ந்த கட்டடம், அவ்வளவுதான். அதற்கு 'காணிக்கை மாதா கோவில்' என்று பெயர். காணிக்கை என்றதும் உண்டியலை நினைக்க வேண்டாம். சிறு பெண்ணாக இருந்த மரியாளை அவளுடைய பெற்றோர் எருசலேம் ஆலயத்துக்கு அழைத்துச் சென்று இறைவனுக்கு ஒப்புக்கொடுத்தார்கள் என்பது கத்தோலிக்க மரபு. அந்த நிகழ்ச்சியை நவம்பர் 21ஆம் தேதி நினைவுகூர்வார்கள். அந்தக் கோலத்து மரியாளே காணிக்கை மாதா. தாங்களும் தங்கள் பிள்ளைகளும் வேற்று மண்ணில் ஆண்டவன் பொறுப்பு என்று ஒப்படைத்துவிட்டு வாழ்ந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறகு புதுச்சேரியிலிருந்து வந்த ஆந்திரேயாஸ் என்ற நம் நாட்டுக் குருவானவர் அந்தச் சிறு கோவிலைச் சிலுவை வடிவில் பெரிதாக்கினார். வெள்ளைக்காரர் கட்டியது என்று சொல்பவர்கள் இந்த ஆந்திரேயாஸ் சுவாமியை மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் காலத்துப் பெங்களூரில் வேறு கோவில்களும் எழுந்தன. மகாத்மா காந்தி சாலையில் உள்ள செயின்ட் மார்க்ஸ் ஆலயம் 1812இல் கட்டி முடிந்தது. அது கம்பெனிப் பட்டாளத்துக்காகக் கட்டியது. 1844இல் எழுந்த செயின்ட் பேட்ரிக்ஸ், படையிலிருந்த ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்கு. 1851இல் அல்சூர்ப் பக்கம் வந்த ஹோலி டிரினிட்டியும் பட்டாளத்துக் கோவில்தான். அவற்றுக்குப் பின்னால் அரசாங்கமும் படையும் இருந்தன. பிளாக்பள்ளிக் கோவிலுக்குப் பின்னால் இருந்தவர்கள் அந்தப் பட்டாளத்துக்குச் சோறு ஆக்கியவர்கள், துணி வெளுத்தவர்கள், குதிரைக்குப் புல் அறுத்தவர்கள், கல் உடைத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள்.

இவர்கள் எப்படி இத்தனை பேர் வந்தார்கள்? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலப் படை அங்கே காய்ச்சலுக்குத் தாங்காமல் 1809இல் பெங்களூருக்கு இடம் மாறியது. அது சென்னைப் படை. ஆகவே அதனோடு சிப்பாய்களும் வேலைக்காரர்களும் வியாபாரிகளும் வட ஆற்காடு, சேலம், செங்கல்பட்டுப் பக்கங்களிலிருந்து மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்து சேர்ந்தார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கலந்தே வந்தார்கள். ஏழையாக வந்து, பெரிய கான்ட்ராக்டராகி, இன்று உயர்நீதிமன்றம் இருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டி, 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தொடங்கிய ஆற்காடு நாராயணசாமி முதலியார் இந்த அலையில் மேலே வந்தவர்.

1864ஆம் ஆண்டு சோலையார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட்டுக்கு அகலப் பாதை போட்டார்கள். அதன்பின் பெங்களூருக்கு வருவது நாள் கணக்கிலிருந்து மணிக் கணக்குக்குக் குறைந்தது. பாதை போட வந்த கூலிகளும் கங்குமேன்களும் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். நான் வேலையில் சேர்ந்தபோதுகூடக் கண்டோன்மென்ட் பக்கத்து கேங்கில் தமிழ்தான் பேச்சு. கோலார் தங்க வயலிலும் இதே கதை. 1894இல் மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தது. சுரங்கத்தில் இறங்கிய தமிழர்கள் செப்டம்பரில் அந்த ரயிலேறி மாதா கோவிலுக்கு வருவார்கள். சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். ரயில் மட்டும் ஓடுகிறது, திருவிழாக் கூட்டமும் குறையவில்லை.

வந்தவர்கள் பெருகப் பெருகப் பழைய கோவிலில் இடம் போதவில்லை. கிளைனர் என்ற பிரெஞ்சுக் குருவானவர் 1875 வாக்கில் புதுக் கோவில் வேலையைக் கையில் எடுத்தார். பின்னாளில் மைசூர் ஆயரானவர் இவர்தான். வேலை தொடங்கிய மறு ஆண்டே நாட்டைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மைசூர்ச் சீமையில் மட்டும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாண்டதாகக் கணக்கு. சென்னை மாகாணத்திலிருந்தும் பசியோடு கூட்டம் கூட்டமாக இங்கே வந்தார்கள். பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதற்காகவே மைசூர் அரசு பெங்களூர்-மைசூர் ரயில் பாதை வேலையை நடத்தியது. அந்தப் பாதை மைசூரை எட்டியது 1882இல். பிளாக்பள்ளிக் கோவில் முடிந்ததும் அதே 1882இல்தான். மண் சுமந்தவர் யார், கல் சுமந்தவர் யார் என்று பெயர்ப் பட்டியல் ஏதும் இல்லை. பாதை வேலை பார்த்த எனக்கு அந்த இரண்டும் ஒரே ஆண்டில் முடிந்ததைப் படித்தபோது மனம் சற்று நின்றது. 1882 செப்டம்பர் 8ஆம் தேதி, மரியாளின் பிறந்த நாளன்று, ஆயர் கோவாது ஆண்டகை புதுக் கோவிலை அர்ச்சித்தார்.

கட்டடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இது கோதிக் பாணி. உள்ளே போனால் வளைவுகள் எல்லாம் நடுவில் கூராக முடிவதைக் காணலாம். அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. நம் பழைய ரயில் பாலங்களில் தட்டையான வளைவுகளைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய வளைவு தன் பாரத்தைக் கீழே இறக்குவதோடு, பக்கவாட்டிலும் பலமாகத் தள்ளும். அதைத் தாங்க இருபுறமும் பருமனான கட்டுமானம் வேண்டும். வளைவின் உயரம் கூடக் கூட அந்தத் தள்ளல் குறையும். கூர்வளைவை வேண்டிய அளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம். ஆகவே பாரம் பெரும்பாலும் நேரே தூண்களில் இறங்கிவிடும். சுவரை ஓரளவு மெலிதாக்கி, அதில் உயரமான ஜன்னல் வைக்கலாம். வண்ணக் கண்ணாடி பதித்து வெளிச்சத்தை உள்ளே கொண்டு வரலாம். கிளைனர் சுவாமி அதைத்தான் செய்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்துவிடுமோ என்ற அச்சத்தில் அந்தக் கண்ணாடிகளைப் பத்திரமாகக் கழற்றி வைத்து, போர் முடிந்தபின் மறுபடி பொருத்தினார்கள். அது சிமென்ட் வராத சுண்ணாம்புக் காரைக் காலம். சுண்ணாம்பு மெதுவாக இறுகும், கட்டடம் லேசாக அசைந்தால் தானும் அசைந்து கொடுக்கும். ஏழு ஆண்டுகள் பிடித்தது தாமதம் என்று நான் சொல்லமாட்டேன். இன்றைய கான்ட்ராக்டர்களிடம் ஏழு மாதம் கொடுத்தால் ஆறு மாதத்தில் முடித்துவிட்டு, எட்டாவது மாதம் விரிசலுக்குப் பூச்சு பூச வருவார்கள்.

கட்டடம் ஐரோப்பியம். ஆனால் அதனுள் நடப்பது நம் ஊர் வழக்கம். கோவிலை ஒட்டிய சந்நிதியில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி நிற்கும் மாதாவின் உருவம் ஆறடி உயரம். அந்த அன்னைக்குத் தினமும் புடவை சாத்துகிறார்கள். ஆண்டு முழுவதும் புடவைதான். பக்தர்கள் வேண்டிக்கொண்டு கொண்டு வந்து தருவது. கொடியேற்றம், நவநாள், தேர், காவி உடை, மெழுகுவர்த்தி, பூமாலை எல்லாம் உண்டு. வேளாங்கண்ணி போய் வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் வீட்டுப் பெண்களில் மதம் பாராமல் எத்தனை பேர் அங்கே பிள்ளை வரம் கேட்டும், பரீட்சைக்கு வேண்டியும் மெழுகுவர்த்தி ஏற்றி வருகிறார்கள் என்பதும் எல்லோரும் அறிந்ததே. ரோமாபுரியில் எழுதிய சட்டத்தைவிடச் செஞ்சிப் பக்கத்துப் பழக்கம்தான் இந்தச் சந்நிதியில் அதிகம் தெரிகிறது.

அன்னை இங்கே ஆரோக்கிய மாதாவாக நிலைபெற்றதற்கு ஒரு கொடிய காரணம் உண்டு. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்தது. அது ஹூப்ளிப் பக்கமிருந்து ரயில் வழியாக வந்து சேர்ந்தது என்பதை ரயில்வேக்காரனாகிய நானே சொல்லிவிடுகிறேன். நெருக்கடியான கண்டோன்மென்ட் குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். வீடுகளை இடித்தார்கள், கூரைகளைப் பிரித்தார்கள், ஜனங்களை ஊருக்கு வெளியே கொட்டகைகளில் தங்க வைத்தார்கள். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் விரிந்ததற்கும், நம் தமிழர் நிறைய வாழும் பிரேசர் டவுன் 1910 வாக்கில் உருவானதற்கும் இந்தப் பிளேக்தான் பின்னணி. மருந்து இல்லாத நோய்க்கு முன்னால் மனிதன் என்ன செய்வான்? கோயம்புத்தூரிலும் இங்கேயும் பிளேக் மாரியம்மனுக்குக் கோவில் எழுப்பினார்கள். பிளாக்பள்ளி மக்கள் மாதாவிடம் ஓடினார்கள். நோய் தணிந்தபின் ஆரோக்கிய அன்னை என்று கொண்டாடினார்கள். அன்றைய நேர்ச்சைதான் இன்று லட்சக்கணக்கில் கூடும் செப்டம்பர் திருவிழாவாக விரிந்திருக்கிறது.

1973இல் போப்பாண்டவர் ஆறாம் பால் இந்தக் கோவிலை 'பசிலிக்கா' நிலைக்கு உயர்த்தினார். பசிலிக்கா என்பது பழைய ரோமாபுரியில் பொது மண்டபத்துக்குப் பெயர். இப்போது போப்பாண்டவர் சில முக்கியக் கோவில்களுக்கு வழங்கும் சிறப்புப் பட்டம். தமிழ்நாட்டில் சாந்தோம் 1956இலும், வேளாங்கண்ணி 1962இலும், தூத்துக்குடி பனிமய மாதா கோவில் 1982இலும் இதைப் பெற்றன. கூலிகளின் கூரைக் கோவில் அந்த வரிசையில் உட்கார்ந்தது சாதாரணமல்ல.

இனி, சொல்லாமல் தாண்டக் கூடாத ஒன்று, மொழிப் பிரச்சினை. 1960கள் வரை கத்தோலிக்கப் பூசை லத்தீனில் நடந்தது. யாருக்கும் புரியாததால் யாருக்கும் சண்டை இல்லை! 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, மக்கள் மொழியில் பூசை வந்தது. நல்ல காரியம். ஆனால் பெங்களூரில் மக்கள் மொழி எது? கண்டோன்மென்ட் 1881 முதல் 1947 ஜூலை வரை மைசூர் மகாராஜாவின் ஆட்சியில் இல்லை. ஆங்கில ரெசிடென்ட் நிர்வாகத்தில் இருந்தது. அங்கே தெருவில் தமிழும் உருதுவும், ஆபீஸில் ஆங்கிலமும் புழங்கின. 1956இல் மொழிவாரி மாநிலம் அமைந்தது. இது கன்னட நாடு, எங்கள் மொழிக்கே முதலிடம் வேண்டும் என்று கன்னடக் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். எங்கள் பாட்டன்மார் பசியோடு கட்டிய கோவிலில் எங்கள் மொழி எப்படிக் குறையலாம் என்று தமிழ்க் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். 1980களில் கோகாக் கிளர்ச்சிச் சூடும் சேர்ந்தது. ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள் நகரின் பல கோவில்களில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றார்கள். தெருவுக்கும் வந்தார்கள்.

இருபுறத்து நண்பர்களும் எனக்கு உண்டு. கன்னட நண்பர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சொந்த மண்ணில், சொந்த மொழியில் ஜெபிக்க இடம் கேட்பது தவறா? நம்மவர் வருத்தத்திலும் நியாயம் உண்டு. கட்டியவன் பேரன் வாசலில் நின்று அனுமதி கேட்பதா? ரயில்வேயில் ஒற்றைப் பாதையில் பத்து வண்டிகள் ஓட வேண்டுமானால் ஒரே வழிதான். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். எந்த வண்டியும் பாதை எனக்கே சொந்தம் என்று நிற்க முடியாது. பசிலிக்காவில் கடைசியில் நடந்ததும் அதுதான். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் நேரம் பிரித்துப் பூசை நடக்கிறது. ஒரு பூசை முடிந்து வெளியே வருபவர்களும் அடுத்ததற்கு உள்ளே போகிறவர்களும் படியில் ஒருவருக்கொருவர் வழிவிடுகிறார்கள். யாருக்கும் முழுத் திருப்தி இல்லாமலிருக்கலாம். அல்சூரில் திருவள்ளுவர் சிலை 1991இலிருந்து பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதை நினைத்தால், கதவை மூடாமலே ஒரு வழி கண்ட பசிலிக்காவின் ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது, வெளியே தமிழில் பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பிய வீடுகள் நம்மில் எத்தனை! 2016 செப்டம்பர் 12இல் மறுபடி பேருந்துகள் எரிந்தன. அதற்கு நான்கு நாள் முன்னால்தான், செப்டம்பர் 8இல், எல்லா மொழிக்காரர்களும் தேருக்குப் பின்னால் நடந்திருந்தார்கள். மாதா கோவிலுக்குப் போகிறவர்கள் கலவரம் செய்யமாட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. உரக்கத் தமிழில் பாடிக்கொண்டு போனாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்காத தெரு இந்த நகரத்தில் ஆண்டில் ஒரு நாளாவது உண்டு என்பதுதான் செய்தி. தேர் போகும் வழியில் மசூதிகளும் முஸ்லிம் கடைகளும் நிறைய. கடைக்காரர்களும் கூட்டத்தோடு நின்று பார்ப்பார்கள்.

வேறொரு கவலையும் உண்டு. தமிழ்ப் பூசைக்குக் குடும்பத்தோடு வரும் பிள்ளைகளில் பலருக்குப் பாட்டுப் புத்தகத்தில் உள்ள தமிழைப் படிக்கத் தெரியவில்லை என்று கத்தோலிக்க நண்பர்கள் சொல்கிறார்கள். காதால் கேட்டுப் பாடுகிறார்கள். நம் வீடுகளிலும் இதே நிலைதான். 1818இல் கூரைக்குக் கீழே ஜெபித்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர்களும் காதால் கேட்டுத்தான் மொழியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் தமிழ் மட்டுமே பேசினார்கள். நம் வீடுகளில் அது இருக்கிறதா என்பதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் விவகாரம் இன்னும் ஓயவில்லை. சிவாஜி நகருக்குக் கீழே மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் போட்டார்கள். 'ஊர்ஜா' என்று பெயரிட்ட துளையிடும் இயந்திரம் கண்டோன்மென்ட்டில் புறப்பட்டு 2021 செப்டம்பரில் சிவாஜி நகரை எட்டியது. சுண்ணாம்புக் கட்டடங்கள் உள்ள வட்டாரத்தில் மண்ணைத் துளைக்கிறார்கள் என்றால் என் போன்றவர்களுக்கு இரவில் சரியாகத் தூக்கம் வராது. நல்ல வேளை, கோபுரம் நிமிர்ந்தே நிற்கிறது. 2025 செப்டம்பர் திருவிழாவுக்கு வந்த முதலமைச்சர் சித்தராமையா அந்த மெட்ரோ நிலையத்துக்குச் செயின்ட் மேரி பெயரைப் பரிந்துரைப்பதாகச் சொன்னார். உடனே மகாராஷ்டிரத்திலிருந்து சிவாஜியின் பெயரை விடுவதா என்று எதிர்ப்பு எழுந்தது. வெள்ளை அரிசி, வெள்ளைப் பறவை, பிளாக்கிஸ்டன், சிவாஜி, மாதா என்று அந்த இடத்துக்கு இத்தனை பெயர்கள். வயதான தமிழர்கள் இன்னமும் பிளாக்பள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

இதுவரை போகாதவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆகஸ்டு 29இல் கொடியேற்றம், அதன்பின் ஒன்பது நாள் நவநாள், செப்டம்பர் 8இல் தேர். திருவிழா நாளில் வண்டி எடுத்துப் போகாதீர்கள், நிறுத்த இடமிருக்காது. கண்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கி நடந்தாலே போய்ச் சேர்ந்துவிடலாம். கட்டடத்தை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் திருவிழாவையும், மாதாவுக்கு உரிய சனிக்கிழமையையும் தவிர்த்து, வார நாளில் காலை வேளையில் போகலாம். கிழக்கு வெயில் வண்ணக் கண்ணாடியில் விழும் நேரம் அது. பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். கூர்வளைவுகளைக் காட்டி, செஞ்சியிலிருந்து வந்தவர்கள் கதையைத் தமிழிலேயே சொல்லுங்கள்.